பேனல் கதவைச் சாத்திய பிறகு

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தாளை வைத்துத்தான் அந்த அக்காவை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். தாளில் இருந்தது ஒரே வரி. 'டிரைவ் சோதிக்கப்பட்டது, குறை ஏதும் இல்லை.' கீழே தேதி, என் கையெழுத்து, அதற்கும் கீழே சுழித்து இழுத்த ஒரு கோடு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் கோட்டின் மேல் எனக்கு அப்போது தனிப் பெருமை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு குரோம்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். மாடியில் மூன்று மேசை, ஒரு டெலிபோன், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் எங்கள் சார். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்களை வாங்கி, தாம்பரம் வட்டாரத் தொழிற்சாலைகளில் பொருத்திக் கொடுப்பது தொழில். அதுவரை அங்கெல்லாம் சுவிட்சைப் போட்டால் மோட்டார் முழு வேகத்தில் கிளம்பும். வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை மாற்றுவார்கள். டிரைவ் இருந்தால் ஒரு குமிழைத் திருகினால் போதும். உள்ளே அது செய்யும் வேலை முரட்டு வேலை. வருகிற கரண்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான துண்டுகளாக நறுக்கி, அந்தத் துண்டுகளை அடுக்கி அடுக்கி மோட்டாருக்கு ஊட்டும். மோட்டார் மெல்லிய குரலில் சீட்டி அடிக்கும். அந்தச் சீட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பசிகூடத் தெரியாது. மொபெட்டில் ஒரே நாளில் மூன்று இடம் போய்விட்டு வந்து, "நாலாவது இருக்கா சார்?" என்று கேட்கிற ஆள் நான்.

சேலையூர் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை. கார், பஸ்களுக்குள் ஓடும் ஒயர்களை அளந்து வெட்டி, நுனியில் பித்தளை முனை கட்டி அனுப்பும் தொழிற்சாலை. முனை கட்ட இருபது பெண்கள். வெட்டுவதற்கு ஒரே இயந்திரம், அதற்கு ஒரே ஆள், அந்த அக்கா. வண்டலூரிலிருந்து ரயிலில் வருவார். வருஷக்கணக்காக டெம்பரரி. அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இயந்திரம் எளிமையானது. பெரிய சுருளிலிருந்து ஒயரை இரண்டு ரப்பர் உருளைகள் இழுக்கும். உருளைகளைச் சுற்றுவது மோட்டார், அதைக் கிளப்பக் காலடியில் ஒரு பெடல். போகிற வழியில் ஒயரின் முதுகில் ஒரு சின்னச் சக்கரம் உட்கார்ந்திருக்கும். ஒயர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் சக்கரம் ஒரு துடிப்பை மெல்லிய கம்பி வழியாகக் கவுண்டருக்கு அனுப்பும். கவுண்டர் என்பது, சுவிட்சும் ஒயர் இணைப்புகளும் அடங்கிய பேனல் பெட்டியின் கதவில் பதித்திருந்த, சிவப்பு எண்கள் ஓடும் கருவி. எண்ணூறு என்று வைத்தால், எண்ணூறு துடிப்பு வந்ததும் கத்தி இறங்கும்.

அந்த இயந்திரத்துக்கு டிரைவ் போட நான் போனது விஜயதசமி அன்று. முதலாளி நாள் பார்த்து வைத்திருந்தார். முந்தின நாள் ஆயுத பூஜை. கொட்டகை முழுக்கப் பொரி சிதறிக் கிடந்தது, வாசலில் உடைத்த பூசணிக்காயின் மேல் மொபெட்டை ஏற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன். பேனலைத் திறந்தேன். எனாமல் பெயிண்ட் வாசனை மூக்கில் அடித்தது. உள்ளே இருந்த இரும்புத் தகடு, கதவு, அடிப்பக்கம், எல்லாம் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. தகட்டின் நடுவில், நான் டிரைவை மாட்ட வேண்டிய இடத்திலேயே, மூன்று கோடு சந்தனமும் குங்குமப் பொட்டும்.

"நானே ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சேன் மேடம்," என்றார் சூப்பர்வைசர். ஐம்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. "புது டிரைவ் வருதுல்ல, அதான் அதோட இடத்துக்கே பொட்டு வச்சாச்சு."

டிரைவோடு வந்த புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: மாட்டுகிற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு, வெறும் இரும்போடு இரும்பு படும்படி முடுக்க வேண்டும். மோட்டாருக்குப் போகும் கேபிளின் மேல் ஒரு வலை உறை உண்டு. அதைப் பிடிக்கும் கிளாம்ப்பும் அப்படியே வெறும் இரும்பில் உட்கார வேண்டும். நான் பிளேடை எடுத்தேன்.

"ஐயையோ, இன்னா பண்றீங்க? நேத்துதான் பூஜை போட்டிருக்கு. நல்ல நாளும் அதுவுமா சுரண்டுவாங்களா?" என்று பதறினார் சூப்பர்வைசர்.

பின்னால் முதலாளி கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நல்ல நேரம் முடிய இருபது நிமிஷம். பிளேடைப் பைக்குள் போட்டேன். பெயிண்ட்டின் மேலேயே, பொட்டின் மேலேயே, நாலு போல்ட்டையும் முடுக்கினேன். எர்த்துக்கு ஒரு நீளப் பச்சை ஒயர் இருந்தது. அதை இணைத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம். தடையே இல்லை. பெயிண்ட் இருந்தால் என்ன, எர்த் போய்ச் சேருகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மோட்டார் சீட்டி அடித்தது, எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கு இரண்டு கை நிறையப் பொரி கொடுத்தார்கள்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் போன் வந்தது. வாங்குகிற கம்பெனி ஒரு பெட்டி ஒயரைத் திருப்பி அனுப்பிவிட்டது. நடுநடுவே சில ஒயர்கள் ஒரு விரல் அளவுக்குக் குட்டை. போனேன். பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு, டிரைவின் சின்னத் திரையைப் பார்த்தபடி ஓட்டச் சொன்னேன். அக்கா நூறு ஒயர் வெட்டினார். நானே இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தேன். எல்லாம் சரி. இரண்டாவது தடவை போனேன், சரி. மூன்றாவது தடவை சூப்பர்வைசர் சிரித்தே விட்டார்.

"மேடம் வந்தா மிஷின் ஒழுங்கு. மேடம் போனா குட்டை. அப்ப மிஷின்ல இல்ல, ஆள்ல கோளாறு."

"ஆள்னா யாரு சார்?" என்றார் அக்கா, சுருளை மாற்றிக்கொண்டே.

"சும்மா சொன்னேம்மா."

"சும்மா சொன்னா சொவத்தைப் பாத்துச் சொல்லு."

நான் சிரித்துக்கொண்டே ரிப்போர்ட் எழுதினேன். அந்த ஒரு வரி. அந்தக் கோடு.

வியாழக்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். குடையை மடக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார் அக்கா.

"இன்னா பாப்பா, எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா டீ குடிக்கிற?"

"என்னக்கா ஆச்சு?"

பையிலிருந்து ஒரு டைப் அடித்த தாளை எடுத்தார். 'எனது கவனக்குறைவால் ஒயர்களின் நீளம் குறைந்துவிட்டது.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அதோடு பின் பண்ணியிருந்தது என் ரிப்போர்ட்டின் நகல். கோடு நகலிலும் நன்றாக விழுந்திருந்தது.

"சனிக்கெழம பதினோரு மணிக்கு அந்தக் கம்பெனி ஆளு வர்றான். அதுக்குள்ள நான் கையெழுத்துப் போடணுமாம். போட்டா பேக்கிங்ல வச்சிக்கறாங்களாம், பர்மனன்ட் கெடையாது. போடலன்னா வூட்டுக்குப் போவச் சொல்றாங்க."

"நான் உங்க பேரை எழுதலையேக்கா."

"எழுதலதான். டிரைவ்ல கொற இல்லன்னு எழுதிட்ட. மிச்சம் யாரு கீறா? நானும் ஒயரும்." டீக்கடைக்காரர் நீட்டிய டீயை வேண்டாம் என்று கையாட்டினார். "நான் கவுண்டர்ல நம்பர மாத்தி வைக்கல. பெடல தப்பா மிதிக்கல. அது தானா கட் பண்ணுது. சொன்னா நம்ப ஆளில்ல. நீ வந்தா மட்டும் ஒழுங்கா ஓடுது. உன்னக் கண்டா அதுக்கு வெக்கம் போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"எங்க வூட்டாண்ட விடிகாலைல சிங்கம் கத்தும், ஜூலருந்து. அதுக்கே பயப்பட மாட்டேன். இந்தப் பேப்பரத் தொடவே பயமா கீது," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். டீ ஆறிவிட்டது.

மறுநாள் காலை எங்கள் சாரிடம் சொன்னேன். அவர் டெலிபோன் மேல் கையை வைத்தபடியே கேட்டார்.

"நீ மூணு தடவ செக் பண்ணினே இல்ல?"

"பண்ணினேன் சார். ஆனா மாட்டும்போது பெயிண்ட்டச் சுரண்டல."

"அத யாருகிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான்."

"என்கிட்டயோட நிக்கட்டும். நம்ம ஆளே தப்பாப் போட்டான்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு இந்த ஏரியாவுல எவன் நம்மகிட்ட வாங்குவான்? சனிக்கிழமை நீ கேளம்பாக்கம் போற. அந்த ரைஸ் மில்லுல பேனல் வயரிங் பாக்கணும். சேலையூர் பக்கமே தலைவச்சுப் படுக்காத."

சரி சார் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

என் வீடு சிட்லபாக்கம். அலுவலகத்திலிருந்து போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட் மூடியிருந்தது. மொபெட்டை அணைத்துவிட்டு, தூறலில் நின்றுகொண்டிருந்தேன். மனசுக்குள் அந்தத் தாளே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடை ரேடியோவில் சேதி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரயில் வந்ததும் மேலே மின்கம்பியில் நீலமாக ஒரு பொறி பறந்தது. ரேடியோ கரகரவென்று அலறியது. கடைக்காரர் அலுத்துக்கொண்டே ரேடியோவைத் தூக்கி, தெருப்பக்கத்திலிருந்து எடுத்துக் கடையின் உள்மூலையில் வைத்தார். அலறல் பாதியாகக் குறைந்தது. இரண்டே அடிதான் நகர்த்தினார்.

கேட் திறந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் நகரவில்லை.

நீ வந்தா மட்டும் ஒழுங்கா ஓடுது. நான் போனால் முதலில் என்ன செய்கிறேன்? மூன்று தடவையும் என்ன செய்தேன்? பேனல் கதவைத் திறந்தேன். கவுண்டர் கதவில்தான் இருக்கிறது. சக்கரத்திலிருந்து வரும் மெல்லிய கம்பி உள்ளே வளையமாகச் சுருண்டு கதவுக்குப் போகிறது. கதவைச் சாத்தினால் அந்தச் சுருள் மடங்கி உள்ளே விழும். எங்கே விழும்? மோட்டார் கேபிளின் மேல். நான் கதவைத் திறந்ததும் கம்பி கேபிளை விட்டு எட்டிப் போயிருக்கிறது. மூன்று தடவையும் குறையைத் தேடுகிறேன் என்று போய், தேடுவதற்கு முன்பே அதைத் துரத்திவிட்டு, இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"யம்மா, தூங்குறியா? வண்டிய எடு!" என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

சனிக்கிழமை காலை கேளம்பாக்கத்துக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, மொபெட்டில் சேலையூர் போனேன். பையில் ஸ்பேனர், இரும்பு தேய்க்கும் எமரி பேப்பர், வீட்டிலிருந்து எடுத்துவந்த பாக்கெட் டிரான்சிஸ்டர். மணி ஒன்பதே முக்கால். இரவெல்லாம் பெய்த மழையில் கொட்டகை வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "யாரு வரச் சொன்னது மேடம்? ரிப்போர்ட்தான் குடுத்தாச்சே."

"அது தப்பான ரிப்போர்ட் சார். பத்து நிமிஷம் குடுங்க."

"ஒண்ணேகால் மணி நேரத்துல அந்தக் கம்பெனி இன்ஸ்பெக்டர் வர்றாரு. இப்பப் போயி விளையாட்டா?"

"விளையாடட்டும் உடு சார்," என்றார் அக்கா. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்று அன்றைக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடாத தாள் மடியில் இருந்தது. "எனக்கு வேற இன்னா வேலை கீது இப்ப?"

குரல் கேட்டு முதலாளியும் வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் முகத்தில் தூக்கம் இல்லை. அந்தக் கம்பெனி ஆர்டர் போனால் கொட்டகையில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

உருளைகளிலிருந்து ஒயரை முழுக்க உருவிவிடச் சொன்னேன். இப்போது இழுப்பதற்கு ஒயர் இல்லை. அளவுச் சக்கரம் எதையும் தொடாமல் அப்படியே நின்றது. கவுண்டரைப் பூஜ்யத்தில் வைத்தேன். பேனல் கதவைத் திறந்து வைத்து, "ஓட்டுங்கக்கா," என்றேன்.

மோட்டார் சீட்டி அடித்தது. உருளைகள் சும்மா சுற்றின. கவுண்டரில் பூஜ்யம். ஒரு நிமிஷம் ஆனது. பூஜ்யம்தான்.

"இதத்தான் நாங்களும் சொல்றோம்," என்றார் சூப்பர்வைசர்.

கதவைச் சாத்திப் பூட்டைத் திருகினேன்.  என் கணக்கு தப்பென்றால் அந்த அக்காவுக்குக் கடைசியாக இருந்த ஒரு வழியையும் நானே அடைத்தவளாவேன்.

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

மூன்று.

யாரும் தொடவில்லை. சக்கரம் அசையவில்லை. ஒயரே இல்லை. மூன்று பதினொன்று ஆனது. கொஞ்சம் நின்றது. பிறகு ஒரே தாவலாக இருபத்தாறு.

முனை கட்டும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். அக்கா இயந்திரத்திலிருந்து இரண்டு கையையும் தூக்கி, போலீஸ்காரர் முன்னால் நிற்பவர்போல, தலைக்கு மேலே வைத்துக்கொண்டார்.

"பாத்துக்கோ சார். நல்லாப் பாத்துக்கோ. என் கை எங்க கீது?"

 கதவைத் திறந்தேன், எண் நின்றது. சாத்தினேன், ஓடியது. திறந்து வைத்து, உள்ளே மடங்கி விழும் கம்பிச் சுருளை முதலாளிக்குக் காட்டினேன்.

"மோட்டார் கேபிள்லருந்து சத்தம் வருது சார். காதுக்குக் கேக்காத சத்தம். இந்தக் கம்பி அதும்மேல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேக்குது. கேட்டதெல்லாம் துடிப்புன்னு நெனச்சிக் கவுண்டர் எண்ணிடுது. ஒயர் வந்து சேரறதுக்குள்ள எண்ணிக்கை முடிஞ்சு கத்தி எறங்கிடுது. அதான் குட்டை."

"இந்தக் கம்பிய இப்படிச் சுருட்டினது யாரு?" என்றார் முதலாளி.

"நம்ம பார்ட்-டைம் எலக்ட்ரீஷியன்தான் சார்," என்று சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "அவன் வேலையே இப்படித்தான். எதையும் கட்ட மாட்டான்."

"அப்ப அவன் தப்பு. கம்பியத் தூக்கிக் கட்டுங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட ஒயரிங் தப்புன்னு சொல்லிடலாம். முடிஞ்சுது விஷயம்."

அங்கே இல்லாத ஓர் எலக்ட்ரீஷியன். அக்கா தப்பித்தார், நான் தப்பித்தேன், எங்கள் சாரும் தப்பித்தார். சுருளை எடுத்து மோட்டார் கேபிளுக்கு எட்டாத மேல்மூலையில் வைத்துக் கட்டினேன். கதவைச் சாத்தினேன். ஓட்டினோம். பூஜ்யம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பின்னால் நின்ற பெண்கள் அவரவர் இடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் பையிலிருந்த டிரான்சிஸ்டரை எடுத்துத் திருகி, பேனல் அருகே கொண்டுபோனேன். ஸ்டேஷனே கேட்கவில்லை. மழைத் தண்ணீர் தகரத்தில் கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சல்.

அப்போது கவுண்டரில் பூஜ்யம் ஒன்றாயிற்று.

ஒன்றே ஒன்று. அதற்குமேல் நகரவில்லை. ஒரு மில்லிமீட்டர். எந்த இன்ஸ்பெக்டர் ஸ்கேலுக்கும் அது தெரியாது. மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். திரும்பினால் அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார், எண்ணை இல்லை, என்னை.

கவுண்டரைப் பூஜ்யமாக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன். 

"சார், எலக்ட்ரீஷியன் கட்டாதது பாதிதான்," என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "மீதி என் தப்பு. டிரைவை மாட்டும்போது பெயிண்ட்டச் சுரண்டியிருக்கணும். புத்தகத்துல இருக்கு. எனக்கும் தெரியும். சுரண்டல."

"எர்த் ஒயர்தான் இருக்கே, மேடம்? நீங்கதானே மீட்டர் வச்சு ஜீரோன்னு காமிச்சீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"காமிச்சேன். நேத்து மழைக்கு எங்க தெருவுல தண்ணி நின்னுது சார். கால்வாய்ல ஒரு அடைப்பும் இல்ல. தெனம் போற தண்ணிக்கு அது போதும். திடீர்னு கொட்டினா அகலம் பத்தாது, வீட்டுக்குள்ள ஏறிடுது. இந்தப் பச்சை ஒயர் அந்தக் கால்வாய் மாதிரி. மீட்டர் மெதுவா ஓடறதத்தான் பாக்கும். டிரைவ் வெட்டறது ஒவ்வொண்ணும் திடீர்னு கொட்ற மழை. அதுக்கு நீளமான ஒயர் ஒதவாது, அகலம் வேணும். டிரைவோட முதுகு முழுக்க இரும்புல ஒட்டணும். இப்ப நடுவுல ரெண்டு கோட் எனாமல் இருக்கு."

"பூஜை போட்ட இடம்," என்றார் சூப்பர்வைசர், மெதுவாக. அவருக்குக் கோபம் என்பதைவிட வருத்தம் அதிகம். அந்த இரண்டு கோட் பெயிண்ட்டும் அவர் கையால் அடித்தது.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. "கழட்டினா பதினோரு மணிக்குள்ள மாட்டிடுவியா?"

"மாட்டிடுவேன் சார்."

சொல்லிவிட்டேனே தவிர, அவ்வளவு வேகமாக நான் எதையும் மாட்டியதில்லை. மெயினை அணைத்தேன். டிரைவின் உள்ளே தேங்கிய கரண்ட் வடிய ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும்.  கூரையிலிருந்து ஒரே இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு நாலு போல்ட்டையும் கழற்றி டிரைவைத் தூக்கி எடுத்தேன்.

பின்னால் பொட்டு அப்படியே இருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் கறுத்து. அதன் மேல் எமரி பேப்பரை வைக்க என் கை வரவில்லை. சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா எழுந்து வந்தார். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பொட்டை ஒரே துடைப்பில் எடுத்தார். குழந்தையின் வாயைத் துடைப்பதுபோல மெதுவாக. பிறகு விரலில் ஒட்டிய குங்குமத்தைக் கதவின் மேல்விளிம்பில் வைத்தார்.

"நான் சர்ச்சுக்குப் போறவ. இருந்தாலும் சொல்றேன். சாமி கொஞ்சம் தள்ளி உக்காரட்டும் சார். கோச்சிக்க மாட்டாரு."

சூப்பர்வைசர் என்னிடமிருந்து எமரி பேப்பரைப் பிடுங்கினார். "நவுருங்க மேடம். அடிச்சவனுக்குத்தான் எடுக்கத் தெரியும்." சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, தான் அடித்த பெயிண்ட்டைத் தானே தேய்த்தார். சாம்பல் நிறம் தூளாக உதிர்ந்தது. உள்ளிருந்து வெள்ளி போல இரும்பு வந்தது. கேபிள் கிளாம்ப் உட்காரும் இடத்தையும் காட்டினேன், அதையும் தேய்த்தார். அவருடைய மூன்று பேனாவில் ஒன்று விழுந்து உருண்டது, அவர் குனியவில்லை.

பத்து ஐம்பத்தைந்துக்கு மெயினைப் போட்டேன். கதவைச் சாத்தினேன். மோட்டார் சீட்டி அடித்தது. டிரான்சிஸ்டரைப் பேனல் மேலேயே வைத்தேன். இரைச்சல் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு அடியிலிருந்து ஒரு குரல் மேலே வந்தது. யாரோ ஒருவர் நெல் நாற்றங்காலில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று விவசாயிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஐந்து நிமிஷம் அசையாமல் நின்று அந்தப் பூச்சி சமாசாரத்தை முழுக்கக் கேட்டோம். கண் மட்டும் கவுண்டரில். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

இன்ஸ்பெக்டர் தண்ணீரில் நடந்து, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தார். யாருடனும் அதிகம் பேசவில்லை. "யார் ஆபரேட்டர்?" என்றார். முதலாளி அக்காவைக் கை காட்டினார்.  அக்கா மடியில் இருந்த தாளைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு, இயந்திரத்துக்குப் போனார். நூறு ஒயர். கதவு மூடியே இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றையும் இரும்பு ஸ்கேலில் அளந்து தட்டில் போட்டார். நூறும் சரி.

"அப்ப முன்னாடி ஏன் குட்டை? எனக்குக் காரணம் எழுத்துல வேணும்," என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். என் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தேன். 'டிரைவ் பொருத்தியதில் பிழை. பொருத்தியவர் பெயிண்ட்டை நீக்கவில்லை. இயக்குபவரிடம் தவறு எதுவும் இல்லை.' கையெழுத்துப் போட்டேன். கோடு போட மறந்துவிட்டேன். அல்லது போடத் தோன்றவில்லை, இப்போது சரியாக ஞாபகமில்லை.

முதலாளி பழைய ரிப்போர்ட்டைக் கோப்பிலிருந்து உருவிக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காத சார்," என்றார் அக்கா. "ரெண்டும் கெடக்கட்டும். புதுச மேல வச்சிப் பின் பண்ணு. நாளைக்கு எவனாச்சும் பழசப் பாத்து என் பேரச் சொன்னா, காட்டணும் இல்ல?"

அப்படியே பின் பண்ணினார்கள். டப்பாவின் கீழிருந்த அந்த டைப் அடித்த தாளை மட்டும் அக்கா நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக் காலுக்கு அண்டை கொடுத்தார். சொன்ன மாதத்திலேயே அவருக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. எங்கள் சாருக்கு விஷயம் திங்கட்கிழமை தெரிந்தது. அவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசத் தொடங்கியதும் முதலில் கேட்டது, "அந்த எமரி பேப்பர் எந்த நம்பர்?" என்பதுதான்.

அன்று ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, பழக்கதோஷத்தில் கடைசியாக ஒருமுறை பேனலைத் திறந்து டிரைவின் திரையைப் பார்த்தேன். ஒயர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாப்பா, தொறந்து வச்சி நல்லா ஓடினா அது கணக்குல சேராது," என்றார். "கதவ சாத்திட்டுப் போ."